கீஜாங்குக்குப் போகாத வண்டி

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றது. இரண்டு என் கொழுந்தனுடையது. அவர் மனைவி சின்ன வயதிலேயே மௌத்தாகிவிட்டதால் என்னிடம் வந்து சேர்ந்தது. பேரப்பிள்ளைகளில் மூன்று பேர் என் வீட்டில்தான் வளர்ந்தார்கள். ஆக ஒன்பது என்று சொல்லிக்கொள்வேன். சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட் இறைச்சிக் கடைக்காரரிலிருந்து பாசிர் ரிஸ்ஸில் எங்கள் புளோக் மின்தூக்கியில் ஏறுகிறவர்கள் வரை எல்லாருக்கும் இது தெரியும். சொல்லாமல் விட்டதில்லை.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் பார்த்து ஏறுவேன், கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். சமூக மன்றத்தில் எங்கள் முதியோர் குழுவுக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். போய்வந்த இடத்தைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை வேண்டுமாம். நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஷமீரா கணினியில் அடிக்கிறாள். அவளுக்குப் பதினான்கு வயது. என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றி அடிப்பதாகச் சொல்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

போன இடம் இந்தோனேசியாவின் பிந்தான் தீவு. தானா மேரா படகுத்துறையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேறு நாடு. தேக்காவுக்கு ரயிலில் போய்ச் சாமான் வாங்கி வர எனக்கு அதைவிட அதிக நேரம் ஆகும். மூத்த பேத்திக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு மாதம். மாப்பிள்ளையின் தாய் தகப்பனோடு நாங்கள் இன்னும் சரியாகப் பழகவில்லை. பெண்ணின் தகப்பன், என் மகன் அன்வர்தான் இந்த யோசனையைச் சொன்னான்.

“வில்லா எடுத்திருக்கேன்மா. எல்லாரும் ஒரே வீட்ல ரெண்டு நாள் இருந்தா தானா பழகிடும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்லா. சும்மா உக்காந்து ரெஸ்ட் எடுங்க, போதும்.”

நான், அன்வர், மருமகள் நசீமா, ஷமீரா, புது மணமக்கள், சம்பந்தி இருவர், எங்கள் வீட்டில் வேலை செய்யும் மர்யாத்தி. மொத்தம் ஒன்பது பேர்.

மர்யாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷமீரா கைக்குழந்தையாக இருந்தபோது வந்தவள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். இந்தோனேசியக்காரி, ஆனால் தமிழ் பேசுவாள். அதுவும் என் தமிழ். குழம்பை என்னைப்போலவே ஆணம் என்பாள். அவளுடைய தாயாரும் மகளும் கீஜாங் என்ற ஊரில் இருக்கிறார்கள். அந்த ஊர் பிந்தான் தீவிலேயே இருக்கிறது என்பது, நாங்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்புதான் எனக்குத் தெரிந்தது. பதினான்கு வருஷம் என் வீட்டில் இருக்கிறாள். எந்த ஊர், எந்தத் தீவு என்று நான் கேட்டதே இல்லை.

அன்வர்தான் விசாரித்தான். வில்லாவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரமாம். “சனிக்கிழமை காலைல வண்டி வரச் சொல்றேன். போயி அம்மாவப் பாத்துட்டுச் சாயந்திரம் வந்துரு” என்றான். மர்யாத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் தாயார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தார். மர்யாத்தி ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் போக வேண்டியவள். எனக்குக் கண் ஆபரேஷன் என்று நின்றுவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க ஒரு பை அவள் கட்டிலடியில் இருந்தது. ஜிப் வைத்த சிவப்புப் பை. தாயாருக்குப் பாத்திக் துணி, பால் மாவு டின், தைலம். மகளுக்குக் காலணி.

வெள்ளிக்கிழமை படகேறினோம். கடல் கொஞ்சம் ஆடியது, என் வயிறு அதைவிட அதிகமாக ஆடியது. மர்யாத்தி ஒரு கையால் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். எதிர் இருக்கையில் என் வயதில் ஒரு சீனத்து அம்மாள் இருந்தார். கைப்பையிலிருந்து உப்பில் ஊறிய புளிப்புப் பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாயில் போட்டதும் குமட்டல் நின்றது. இரண்டு பேரும் கடைத்தெருவில் பேசுகிற கொச்சை மலாயில் பேசிக்கொண்டோம். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஆறு என்றேன். அவருக்கு மூன்றுதானாம். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

மர்யாத்தியைக் காட்டி, “இவள் ஆறில் எத்தனையாவது? நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளே” என்று கேட்டார்.

“மகள் இல்லை, வேலைக்காரி” என்றேன். கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். மர்யாத்திக்குத் தமிழே புரியும், மலாய் புரியாமலா இருக்கும்? அவள் கை என் முதுகில் தடவிக்கொண்டேதான் இருந்தது.

இறங்கிய இடத்தில் ஒரு சங்கடம். சும்மா உட்காருங்கள் என்று மகன் சொன்னால் நான் உட்கார்ந்துவிடுவேனா? எங்கள் தென்காசிப் பக்கத்தில் சம்பந்தி முதல்முதலாக நம்மோடு தங்கினால் நம் அடுப்பில் ஆக்கிய சோற்றைத்தான் போட வேண்டும். வாங்கிப் போட்டால் அந்தக் குடும்பத்தை அவமதித்த மாதிரி. அதனால் நாலு கிலோ ஆட்டிறைச்சியை மசாலா புரட்டி உறையவைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோயிருந்தேன். சோறாக்கும் மின்சட்டி, நெய், மசாலா அரைக்கும் கருவி, ஏலம் பட்டை கிராம்பு எல்லாம் இன்னொரு பெட்டியில். சுங்க அதிகாரி ஒரு சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான்.

“பாட்டி, இறைச்சி கொண்டுவர அனுமதி இல்லை.”

“ஹலால் இறைச்சிப்பா. தேக்காவில் வாங்கினது.”

“தெரியும் பாட்டி. ஆனாலும் இல்லை.”

ஐம்பது வருஷமாக இறைச்சி வாங்குகிறேன். நான் பார்த்து வாங்கிய இறைச்சியை ஒருவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். ஷமீரா சிரித்தாள். இப்போது அடிக்கும்போதும் சிரிக்கிறாள்.

வில்லா நன்றாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் கண்ணாடி. ஒரு கட்டிலுக்கு ஐந்து தலையணை. வாசலைத் திறந்தால் நீச்சல் குளம், அதைத் தாண்டி மணல், அப்புறம் கடல். குளியலறைக்குக் கூரை இல்லை. தலைக்கு நேர் மேலே தென்னை மரம். காய் விழுமோ என்று அண்ணாந்து பார்த்தபடியே குளித்தேன். எங்கள் வீட்டுக் குளியலறையில் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம், ஆனால் பயமில்லாமல் குளிக்கலாம். விடுதி வளாகத்துக்குள் போய்வர மின்சார வண்டி வைத்திருந்தார்கள். அது மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றது. சம்பந்தியும் அன்வரும் இறங்கித் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே பேச ஆரம்பித்தவர்கள் பிறகு பேச்சை நிறுத்தவே இல்லை. மகன் நினைத்தது அங்கேயே நடந்துவிட்டது. என் நெய்ச்சோறு அதற்குத் தேவைப்படவில்லை. அது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் பெயர் டார்மான், மீசை நரைத்தவர். அவரும் கீஜாங் பக்கம்தானாம். மர்யாத்தி விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, இஸ்திரி போட்ட முக்காட்டோடு சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

நான் அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். இறைச்சி இல்லை. கோழியாவது வாங்க வேண்டும். மத்தியானத்துக்குள் ஒன்பது பேருக்கு நெய்ச்சோறு, கோழி ஆணம், தாளிச்சா, அன்னாசிப் பச்சடி. வாங்கிவர இந்த ஒரு வண்டிதான் இருந்தது.

“இங்கேயே ஆர்டர் பண்ணிடலாம்மா. மீன் நல்லா இருக்குமாம்” என்றான் அன்வர்.

“சம்பந்திக்கு ஓட்டல் சோறா? நான் மௌத்தானதுக்கப்புறம் போடு.”

நசீமா மெதுவாக, “மாமி, நான் வெங்காயம் வெட்டறேன். மர்யாத்தி போகட்டுமே” என்றாள்.

“நீ வெட்டுற வெங்காயத்த நான் பாத்திருக்கேன்.”

பிறகு மர்யாத்தியிடம் திரும்பி, “நாளைக்குக் காலையில போ. ஞாயித்துக்கிழமை சாயந்திரம்தானே படகு. நாளைக்கு முழுசா இருந்துட்டு வரலாம்” என்றேன். பெரிய சலுகை கொடுப்பவளைப் போலச் சொன்னேன்.

“சரி அம்மா” என்றாள். பையைக் கதவு மூலையில் வைத்தாள். முக்காட்டைப் பின்னால் இழுத்து முடிந்துகொண்டு பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். டார்மான் அன்வரை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார். அந்தச் சந்தை கீஜாங் போகும் வழியில் பாதித் தூரத்தில் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

விருந்து நன்றாக அமைந்தது. அன்னாசிப் பழத்தை மட்டும் குரங்கு கொண்டுபோய்விட்டது. ஜன்னல் ஓரம் வைத்திருந்தோம். முழுப் பழத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நீச்சல் குளத்துச் சுவரில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தபடி தின்றது. சம்பந்தியம்மா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, “மாமி கைப்பக்குவம் யாருக்கும் வராது” என்றார். நான் ஏற்றுக்கொண்டேன். உப்புப் பார்த்தது மட்டும்தான் என் கை. மற்றது எல்லாம் மர்யாத்தியின் கை.

சாப்பிட்ட பிறகு எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. உள்ளே மர்யாத்தி கைப்பேசியில் பேசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவள் தாயாரைத் திரையில் பார்த்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும், ஆனால் ரொம்ப மெலிந்திருந்தார். தலை சீவிப் பூப்போட்ட நல்ல சட்டை போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். பின்னால் மேசையில் தட்டுகள் மூடி வைத்திருந்தன. காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

என்னைப் பார்த்ததும் சிரித்து, “என் மகளை நன்றாக வைத்திருக்கிறீர்கள். அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும்” என்றார்.

“நாளைக்கு வருவாள்” என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில். “நாளைக்குக் கட்டாயம்.”

கட்டாயம் என்ற சொல்லை நானேதான் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. கடல் கரும்பலகை மாதிரி இருந்தது. ஏழரை மணிக்குப் படகுக்காரர்களிடமிருந்து தகவல் வந்தது. சாயந்திரப் படகு போவது சந்தேகம், முடிந்தவர்கள் பதினொரு மணிப் படகில் வரலாம் என்று. சம்பந்திக்கு மறுநாள் வேலை, ஷமீராவுக்குப் பள்ளிக்கூடம். எல்லாரும் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். கீஜாங் போய்த் திரும்ப மூன்று மணி நேரம். அதற்கு வழியில்லை.

எட்டு மணிக்குச் சொன்னபடி டார்மான் வந்தார். குடையோடு நின்றார். “கீஜாங் பக்கம் மழை இல்லை” என்றார்.

அன்வர் என்னிடம் வந்தான். “அம்மா, மர்யாத்தி போகட்டும். அங்கேயே தங்கிட்டு நாளைக்கோ மறுநாளோ தனியா வரட்டும். அவ பாஸ்போர்ட்ட மட்டும் குடுங்க.”

அவள் பாஸ்போர்ட் என் கைப்பையில் இருந்தது. வந்த நாளிலிருந்து அது என்னிடம்தான். வீட்டில் இருந்தால் என் அலமாரியில், வெளியே வந்தால் என் கைப்பையில். பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி வாங்கி வைத்தது.

“வேலைக்கு வந்த பொம்பளையத் தனியா வேற நாட்டுல விட்டுட்டுப் போறதா? வழியில ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது? என் பொறுப்புல வந்தவ” என்றேன்.

“வேற நாடு இல்லம்மா. அவளோட நாடு” என்றான் அன்வர்.

ஷமீராவும் அங்கே நின்றாள். நசீமாவும் நின்றாள். நான் கைப்பையைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் நான் முடிவாகச் சொன்னதை யாரும் மாற்றியதில்லை. அதுவரை அதை ஒரு பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

“பரவால்ல அம்மா. அடுத்த வாட்டி” என்றாள் மர்யாத்தி.

டார்மான் அந்தச் சிவப்புப் பையைப் பார்த்து, வேண்டுமானால் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். மர்யாத்தி பையை ஒரு முறை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள். தன் கையால் கொடுக்க வேண்டும் என்றாள். கீஜாங் போக வந்த வண்டி எங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போனது. மின்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மர்யாத்தி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். வழியில் ஒரு பலகையில் கீஜாங் என்று எழுதி வலப்பக்கம் அம்பு போட்டிருந்தது. எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். வண்டி இடப்பக்கம் திரும்பியது.

படகில் மறுபடியும் எனக்குக் குமட்டியது. மறுபடியும் அவள் கை என் முதுகில். சாயந்திரப் படகு நேரத்துக்குப் புறப்பட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்று அன்றைக்கே அன்வர் கைப்பேசியில் பார்த்துச் சொன்னான். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்த நேரம், மர்யாத்தியின் மகள் அழைத்தாள். தாயார் மௌத்து. மர்யாத்தி சத்தம் போட்டு அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். பாஸ்போர்ட் வேண்டும் என்று வாயால் கேட்கக்கூட இல்லை, நின்றாள். நான் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சிவப்புப் பை இந்தத் தடவை அவளோடு போனது.

பத்து நாள் அவள் இல்லை. அந்தப் பத்து நாளும் நான் எனக்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மழை பெய்தது, படகு சந்தேகம், பொறுப்பு என்னுடையது. எல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

இதுவரை ஷமீராவிடம் அடிக்கச் சொன்னதிலும் அதைச் சொல்லாமல்தான் வந்தேன். இப்போது சொல்கிறேன். எங்கள் புளோக்கில் ஏழாம் மாடியில் ஒரு வீட்டில் வேலை செய்த பெண் லீவில் ஊருக்குப் போனாள், திரும்பி வரவில்லை. மின்தூக்கியில் அந்த வீட்டம்மா சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குள் ஒரு பயம். மர்யாத்தி தாயாரைப் பார்த்தால், மகளைப் பார்த்தால், அந்த வீட்டில் ஒரு ராத்திரி தூங்கினால், என் வீட்டுக்கு எதற்குத் திரும்பி வரப்போகிறாள்? என் கண்ணுக்கு யார் மருந்து விடுவது? என் முட்டிக்கு யார் தைலம் தேய்ப்பது? சனிக்கிழமை நெய்ச்சோறு ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை மழை ஒரு சாக்கு. பயம் என்று சொல்ல வாய் வரவில்லை, பொறுப்பு என்று சொன்னேன்.

அவள் திரும்பி வந்தாள். வருகிறேன் என்று சொன்ன அதே நாளில், சொன்ன நேரத்தில் வந்தாள். வந்து முகம் கழுவிவிட்டு என் கண்ணுக்கு மருந்து விட்டாள். பிறகு ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். மீன் அப்பளம். கையால் வட்டம் வட்டமாக வெட்டிக் காயவைத்தது.

“அம்மா, உங்களுக்குன்னு எங்கம்மா செஞ்சது. அந்தச் சனிக்கிழமை என்கிட்ட குடுத்துவிடலாம்னு. படுத்துக்கிட்டே வெட்டுனாங்களாம்.”

பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினாள். “இனிமே நீயே வெச்சுக்க” என்றேன். தன் பையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்த அப்பளத்தை நான் இன்னும் பொரிக்கச் சொல்லவில்லை. பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

ஆறு, ஒன்பது என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஷமீராவைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது, பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனது எல்லாம் மர்யாத்தி. அதே வருஷங்களில் கீஜாங்கில் மர்யாத்தியின் மகளை வளர்த்தது அந்தத் தாயார். என் எண்ணிக்கையில் ஒன்று கூடுவதற்காக, அந்த அம்மாள் அங்கே ஒன்றைக் கூடுதலாக வளர்த்திருக்கிறார். ஒன்பது என்று அடித்ததை அழித்துவிடு என்று ஷமீராவிடம் சொன்னேன்.

“இருக்கட்டும் நன்னி. அழிச்சா ஏன் சொல்றீங்கன்னே புரியாது” என்றாள்.

“அப்ப விடு.”

“இதையெல்லாம் மலருக்குக் குடுக்கப் போறீங்களா? எல்லாரும் படிப்பாங்க, நன்னி.”

படிக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். நேருக்கு நேர் நின்று சொல்ல எனக்கு வரவில்லை. இந்த வயதுவரை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

ஷமீரா, முதலிலிருந்து ஒரு தடவை வாசி. எதையும் விட்டுவிடாதே, படகில் அந்தச் சீனத்து அம்மாளிடம் நான் சொன்னதையும் சேர்த்து வாசி. இரு, அடுப்படிக் கதவைத் திறந்து வை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். குழாயை மூடட்டும். மூடிவிட்டாளா? ம். இப்போது சத்தமாக வாசி.